ஸ்லீவ் ஆபரேஷனா? முதலில் அந்த நெஞ்செரிச்சலைச் சொல்லுங்கள்

ஒரு தங்கை எனக்கு எழுதிக் கேட்டது சுருக்கமாக இதுதான். வயது 34, உயரம் 158 செ.மீ., எடை 96 கிலோ. சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது, மெட்ஃபார்மினும் எம்பாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். எடை குறைய, வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி ஆபரேஷனைச் செய்துகொள்ளலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா "நல்லா இருக்கிற வயித்த ஏன் வெட்டணும், அந்த எடை குறைக்கிற ஊசியப் போட்டுக்க" என்கிறார். மாமா சென்னையில் செய்தால் செலவு குறைவு என்கிறார். கணவருக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். வயிற்றை அப்படி என்னதான் செய்கிறார்கள், அப்புறம் சோறு, பரோட்டா எல்லாம் சாப்பிட முடியுமா, எடை திரும்ப ஏறிவிடுமா என்பவை கேள்விகள். இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி: "ராத்திரி படுத்தா நெஞ்சு எரியும், கேவிஸ்கான் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன்."

என் கண் நின்றது அந்த வரியில்தான். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் உங்களுக்கு எந்த ஆபரேஷன் என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. சர்ஜனிடம் அதைச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நான் டாக்டர் இல்லை, இங்கே சிங்கப்பூரில் ஒரு அறுவை சிகிச்சை வார்டில் தாதியாக இருந்து இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கவனித்துக்கொண்டவள். முடிவு உங்கள் சர்ஜனோடு சேர்ந்து நீங்கள் எடுக்க வேண்டியது. ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். நம் வயிறு விரிந்தால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை பிடிக்கும். இந்த ஆபரேஷனில் வயிற்றின் வெளிப்பக்க வளைவு முழுவதையும், அதாவது முக்கால் பங்கு, சில சமயம் 80 சதவீதம் வரை, ஸ்டேப்ளர் வைத்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற நீளமான குழாய், 100 முதல் 150 மில்லி பிடிக்கும். எவ்வளவு விட்டுவைப்பது என்று கண் அளவில் வெட்டுவதில்லை. வாய் வழியாக ஒரு ரப்பர் குழாயை வயிற்றுக்குள் இறக்கி, அதை ஒட்டியே ஸ்டேப்ளரை வரிசையாக ஓட்டுவார்கள். வயிற்றில் நாலைந்து சிறு துளைகள்தான் போடுவார்கள், வெட்டிய பாகம் அதில் ஒரு துளை வழியாகவே வெளியே வந்துவிடும். குடலைத் தொடுவதில்லை. வயிற்றுக்கும் குடலுக்கும் நடுவில் கதவு மாதிரி இருக்கும் தசை அப்படியே இருக்கும். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதை மட்டும் மனசில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சுவாரசியம், இது முதலில் தனி ஆபரேஷனாகவே வரவில்லை. ரொம்பப் பெரிய உடம்பு உள்ளவர்களுக்குக் குடலை மாற்றி இணைக்கும் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்பதால், முதல் கட்டமாக வயிற்றை மட்டும் குறைத்து அனுப்பினார்கள். அவர்களில் பலருக்கு அதிலேயே எடை நன்றாக இறங்கியது, இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. அப்படித்தான் இது தனியாக நின்றது.

இடம் சின்னதானதால் மட்டும் எடை குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது வயிற்றின் மேல்பகுதியில், வெட்டி எடுக்கும் அதே பாகத்தில். அதோடு சாப்பாடு குடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களும் கூடுகின்றன. அதனால்தான் முதல் சில மாதங்களில் நோயாளிகள் "சாப்பிடணும்னே தோணல சிஸ்டர்" என்று சொல்வார்கள், பொய்யில்லை. ஆனால் அந்தப் பசியில்லாத காலம் நிரந்தரமல்ல. ஒன்று ஒன்றரை வருடத்தில் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அதற்குள் பழக்கம் மாறியிருக்க வேண்டும்.

சரி, நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். அகலமான பையாக இருந்த வயிறு ஒல்லிக் குழாயாகும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. கீழே கதவு இருக்கிறது, மேலே உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் அமிலத்தைத் தடுத்து வைத்திருந்த கோணமும் தசைநாரும் வெட்டும்போது பாதிக்கப்படலாம். விளைவு, அமிலம் மேலே ஏறுவது சுலபமாகிறது. முன்பு நெஞ்செரிச்சலே இல்லாதவர்களில் கூட ஒரு பகுதியினருக்குப் புதிதாக வருகிறது. ஏற்கனவே இருப்பவர்களுக்கு, எடை குறைந்ததில் சிலருக்குத் தணியும், ஆனால் பலருக்கு மோசமாகும், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை வாழ்நாள் துணையாகிவிடும். ஃபின்லாந்தில் 240 பேரைச் சீட்டுப் போட்டது போல் பிரித்து, ஸ்லீவையும், வயிற்றில் செய்யும் இன்னொரு ஆபரேஷனான பைபாஸையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடந்தது. பத்து வருட முடிவு 2022-ல் வந்தது. உணவுக்குழாயில் அமிலப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். இந்த வித்தியாசம் சின்னதில்லை.

பைபாஸ் என்றால் வயிற்றின் உச்சியில் முட்டை அளவு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைக் குடலோடு நேரே இணைப்பது. அமிலம் அதிகம் சுரக்கும் மீதி வயிறு உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாட்டுப் பாதையில் இருக்காது. அதனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பொதுவாக அதைத்தான் முதலில் யோசிப்பார்கள். அதற்கும் விலை உண்டு. விட்டமின் குறைபாடு அதிகம், இணைத்த இடத்தில் புண் வரலாம் (புகை பிடிப்பவர்களுக்கும் இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை போடுபவர்களுக்கும் குறிப்பாக), வருடங்கள் கழித்துக் கூடக் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது, இனிப்புச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரலாம். இன்னொன்று, ஒதுக்கி வைத்த அந்த வயிற்றுக்குள் சாதாரணமாகக் கேமரா விட்டுப் பார்க்க முடியாது. கிழக்காசிய மக்களிடம் வயிற்றுப் புற்றுநோய் அதிகம், அதனால் இந்தப் பக்கத்து சர்ஜன்கள் ஸ்லீவ் பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். அது நியாயமான காரணம்தான், ஆனால் உங்களுக்குப் பொருந்துமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஆகவே வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப் செய்யாமல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். ஸ்கோப்பில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, வயிறு உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறதா (ஹெர்னியா), வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா. ஸ்கோப் ஏற்கனவே எடுத்திருந்தால் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேவிஸ்கான் எத்தனை நாளைக்கு ஒரு முறை குடிக்கிறீர்கள் என்றும் சரியாகச் சொல்லுங்கள். கார்டியன் மருந்துக் கடையில் சும்மா வாங்குகிற மருந்துதானே என்று நம்மவர்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, மாத்திரைப் பட்டியல் எழுதும்போது எத்தனையோ பேர் அதை விட்டுவிடுவார்கள்.

தகுதி விஷயத்தில் பிரச்சினை இல்லை. உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பிஎம்ஐ அளவு உங்களுக்கு 38-க்குக் கொஞ்சம் மேல். ஆசியர்களுக்கு இங்கே வழக்கமாகப் பார்க்கும் அளவு 37.5, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5. இரண்டையும் தாண்டிவிட்டீர்கள்.

எவ்வளவு குறையும் என்பதில் கனவு காணாமல் இருப்பது நல்லது. ஒன்றிரண்டு வருடத்தில் மொத்த எடையில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை இறங்குவது வழக்கம். உங்களுக்கு அது 24 முதல் 29 கிலோ, அதாவது 67-லிருந்து 72-க்குள் எங்கோ நிற்பீர்கள். கல்யாணப் புடவைக்கான ரவிக்கை பொருந்தும் எடைக்குப் போவோம் என்று நினைத்து வந்து, 70-ல் நின்றதும் தோற்றுவிட்டோம் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரையும் தூக்கமும் முட்டியும் எவ்வளவோ தேறியிருக்கும், அது அவர்கள் கண்ணில் படாது. எடை திரும்ப ஏறுமா என்றால், ஓரளவு ஏறும். அதே ஃபின்லாந்து ஆய்வில் பத்து வருடம் கழித்து ஸ்லீவ் செய்தவர்கள் கூடுதல் எடையில் (மொத்த எடையில் அல்ல, இருக்க வேண்டியதற்கு மேல் இருந்த எடையில்) 43.5 சதவீதத்தையும் பைபாஸ் செய்தவர்கள் 50.7 சதவீதத்தையும் இழந்த நிலையில் இருந்தார்கள். குழாய் காலப்போக்கில் கொஞ்சம் விரியும், ஆனால் எடை ஏறுவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் அது இல்லை, கீழே சாப்பாட்டில் சொல்கிறேன்.

சர்க்கரைக்கு இது நல்ல செய்தி. வந்து நாலு வருஷம்தான், இன்சுலின் இல்லை, இந்த இரண்டும் சாதகம். மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வாய்ப்பு இருக்கிறது, ஆனால் 'குணமாகிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு கண் பரிசோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது, சர்க்கரை திரும்ப வரலாம். முக்கியமாக ஒன்று: எம்பாகிளிஃப்ளோசினை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும், பட்டினி போன்ற உணவுமுறை தொடங்கும்போதே நிறுத்தச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அந்த மாத்திரையோடு மாவுச்சத்து இல்லாமல் இருந்தால், ரத்தச் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டினி உணவுமுறை என்பது ஆபரேஷனுக்கு முன் சுமார் இரண்டு வாரம், கரைத்துக் குடிக்கும் மாற்று உணவு மட்டும். தண்டனை கிடையாது. கொழுப்பு படிந்த கல்லீரல் வயிற்றின் மேல் கவிந்து படுத்திருக்கும், அது சுருங்கினால்தான் சர்ஜனுக்குக் கீழே இருப்பது தெரியும். இரண்டாம் மூன்றாம் நாள் தலைவலியும் எரிச்சலும் வரும், அப்புறம் பழகிவிடும். குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

வார்டில் எப்படி இருக்கும் என்றால், ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம், அன்று மாலையே எழுப்பி நடக்க வைப்போம். திட்டுவார்கள், நாங்கள் கேட்க மாட்டோம். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும், வயிற்றுக்குள் அடைத்த வாயு கரையவும் நடைதான் மருந்து. மருந்து ஊற்றும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் 30 மில்லி கொடுப்போம், அதைக் கால் மணி நேரம் வைத்துச் சப்ப வேண்டும். ஒரே மடக்கில் குடித்தவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நெஞ்சில் கல் உட்கார்ந்தது போல் கையை வைத்துக்கொண்டு குனிவார். இரண்டு மூன்று நாளில் வீடு.

வீட்டுக்குப் போன பிறகுதான் கவனம் வேண்டும். ஸ்டேப்ளர் போட்ட கோடு கசிவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு நடக்கிறது, பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில், பல சமயம் ஆள் வீட்டுக்கு வந்த பிறகு. தோள்பட்டை வலி வாயுவாலும் வரும், அது நடக்க நடக்கக் குறையும். ஆனால் நாடித்துடிப்பு ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் 120-ஐத் தாண்டி நின்றால், காய்ச்சல் இருந்தால், இடது தோளிலோ வயிற்றிலோ வலி கூடிக்கொண்டே போனால், மூச்சு வாங்கினால், அடுத்த அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவு. அதேபோல் நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் விட்டமின் பி1 வற்றி மூளையையும் நரம்பையும் பாதிக்கும், ஊசி மூலம் ஏற்ற வேண்டும். "டாக்டரைத் தொல்லை பண்ண வேணாம்" என்று இருக்காதீர்கள். ரத்தக் கசிவும் நடக்கலாம். உயிரிழப்பு மிக அரிது, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை என்பதை அம்மாவிடமும் மறைக்க வேண்டாம்.

சாப்பாடு. முதல் வாரங்கள் நீர் உணவு, அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது, ஆறு எட்டு வாரத்தில் கிட்டத்தட்ட சாதாரண உணவு. காரமில்லாத வடிகட்டிய ரசம், மோர், பருப்புத் தண்ணீர் எல்லாம் டயட்டீஷியனிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், இங்குள்ள டயட்டீஷியன்களுக்கு நம் சாப்பாடு தெரியும், அவர்கள் கொடுக்கும் அச்சிட்ட தாளில் மீன் கஞ்சி மட்டும்தான் இருந்தாலும் கேட்டால் மாற்றிச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். சைவமாக இருந்தால் இது நிஜமாகவே கஷ்டம், ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்று நமக்கே தெரியும். முட்டை, தயிர், தவ்வு (டோஃபு), மீன் என்று தட்டில் முதலில் அதைச் சாப்பிட வேண்டும், இடம் இருந்தால் காய், அதற்கும் மேல் இருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, அரை மணி நேரம் கழித்து.

பரோட்டா கேட்டீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு விள்ளல் சாப்பிடலாம், ஆனால் மெல்லாமல் விழுங்கினால் மாவு உருண்டையாக நின்று அடைக்கும், குழைந்த சோறும் ரொட்டியும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், அடைக்கிற உணவு ஆளைக் காப்பாற்றும், வழுக்கிக்கொண்டு போகிற உணவுதான் எடையைத் திரும்பக் கொண்டுவரும். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், மைலோ, பபிள் டீ, ஐஸ்கிரீம் எதற்கும் அந்தக் குழாய் தடை போடாது, தண்ணீர் போல் இறங்கிவிடும். முறுக்கும் சிப்ஸும் கூடத்தான், வாயில் பொடியாகி நழுவிப் போய்விடும், தீபாவளி டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுவதும் கொறித்தால் ஆபரேஷன் செய்ததற்கே அர்த்தம் இல்லை. மேலே சொன்ன பெரிய காரணம் இதுதான். கோப்பிக்கடையில் 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று வாய் தானாகச் சொல்ல வேண்டும். வீட்டு விருந்துகளில் "என்ன இவ்வளவுதான் சாப்பிடுற, பிடிக்கலையா" என்று தட்டில் இன்னொரு கரண்டி வைக்கும் அத்தைகளை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு மருத்துவத்தில் வழி இல்லை, கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுவதும்: பி12, இரும்பு, கால்சியம், டி. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரலாம், பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக எடை இறங்கும்போது பித்தக்கல் வரலாம், அதைத் தடுக்கச் சில மாதம் மாத்திரை கொடுப்பார்கள். வலிக்குப் பனடோலோடு (பாராசிட்டமால்) நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்லும் ஊசி முட்டாள்தனமான யோசனை இல்லை. செமாகுளூடைட் ஊசியில் சராசரியாக 15 சதவீதம், டிர்ஸெபடைட் ஊசியில் அதிகபட்ச அளவில் 20 சதவீதம் வரை எடை குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை சர்க்கரை இல்லாதவர்களிடம் கிடைத்த எண்கள். சர்க்கரை உள்ளவர்களில் முறையே 10, 15 சதவீதம் அளவுதான். நிறுத்தினால் ஏறிவிடும், செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. கத்தி இல்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்பது அதன் பலம், மாதாமாதம் காசு என்பது பலவீனம். உங்களைப் போன்ற நிலையில் ஆறு மாதம் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதிலும் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன், நெஞ்செரிச்சல் விவகாரம் தெளிவாகும் வரை குறிப்பாக. ஊசி போட்டுக்கொண்டே ஆபரேஷனுக்குப் போனால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், வயிறு காலியாக நேரம் எடுக்கும்.

செலவைப் பற்றி: மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும்போது மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் மெடிஷீல்ட் லைஃப் தேசியக் காப்புறுதியும் கைகொடுக்கும், பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம். தனியார் காப்புறுதி இருந்தால் சர்க்கரை ஏற்கனவே இருந்த நோய் என்று விலக்கியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சென்னையில் கைதேர்ந்த சர்ஜன்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை ஆபரேஷனுக்குப் பிறகுதான். கசிவு தெரியவரும் நாட்களில் நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள், காலில் ரத்தம் கட்டும் அபாயமும் அப்போதுதான். இங்கே வந்து ஏதாவது ஆனால், என்ன செய்தார்கள் என்று தெரியாத வயிற்றை முன்பின் பார்க்காத டாக்டர் திறக்க வேண்டியிருக்கும். அதற்கப்புறம் வருடக்கணக்கில் ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன் எல்லாம் யாரிடம்? செலவைக் கூட்டும்போது இதையும் சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள் மாமாவை.

கடைசியாகக் குழந்தை. ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்க வேண்டாம் என்பார்கள், எடை இறங்கும் வேகத்தில் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சத்துப் போதாது. ஆனால் எடை குறையக் குறைய மாதவிடாய் ஒழுங்காகி, கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடிவிடும், 'எனக்குத்தான் சுலபத்தில் தங்காதே' என்று சும்மா இருந்து மூன்றாம் மாதத்தில் கையில் இரண்டு கோடோடு வந்தவர்கள் உண்டு. செமாகுளூடைடையும் கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் கணக்கு ஒன்றரை இரண்டு வருடம் தள்ளிப் போகும், உங்களுக்கு அப்போது 36. கணவரையும் அழைத்துக்கொண்டு சர்ஜனைப் பார்ப்பதற்கு முன்பே மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், கருத்தடைக்கு எது, ஃபோலிக் அமிலம் எவ்வளவு, சர்க்கரை மாத்திரைகளில் எதை எப்போது மாற்றுவது என்று கேளுங்கள். ஸ்கோப் முடிவு வந்ததும் அதில் உணவுக்குழாயைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளை எனக்கு எழுதுங்கள், சர்ஜனிடம் அடுத்து என்ன கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.